வலது கண் இடப்பக்கம்

மே 28, புதன்

கண் ஆஸ்பத்திரிக்குப் பதினொரு வருஷத்துக்கு முன்னால் நான் செய்து கொடுத்த பதிவு மென்பொருளை இன்று திறந்து பார்த்தேன். எனக்கே வெட்கமாகிவிட்டது. நோயாளியின் பெயர் ஒரு மூலையில், வயது இன்னொரு மூலையில், பெட்டிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நிற்கின்றன. கல்யாணப் பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் நிற்பார்களே, அப்படி. இதைச் செய்தது வேறு யாராவது என்றால் வாய் நிறையத் திட்டியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் புதுக் கம்ப்யூட்டர்கள் வாங்கியிருக்கிறார்கள். அகலத் திரை. பழைய ஃபார்ம் அதில் தபால்தலை அளவுக்குத் தெரிகிறது. "எல்லாத்தையும் புதுசா வரைஞ்சு குடுத்துருங்க வடிவு" என்றார் டாக்டர் ஹமீதா பானு. தென்காசியில் இந்த வேலைக்கு நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "ரூத்துக்கு இந்த டிசம்பரோட அம்பத்தஞ்சு. புது ஸ்கிரீன்ல அவங்களுக்குக் கை வரலன்னா ஸ்டோருக்கு மாத்திட்டு, அந்த சீட்ல வேற ஆள் போடலாம்னு இருக்கேன். நீங்க பாத்துச் சொல்லுங்க."

ரூத் செல்வராணி, எனக்கு ரூத்தக்கா, பதிவு மேசையில் முதல் நாளிலிருந்து இருக்கிறவள். அவளுடைய நாற்காலி என் வார்த்தையில் தொங்குகிறது என்பது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது எழுதிப் பார்த்தால் நன்றாக இல்லை. இருக்கட்டும், எழுதியாகிவிட்டது.

ஜூன் 1, ஞாயிறு

எனக்குக் கோணல் ஆகாது. சுவரில் படம் சாய்ந்திருந்தால் யார் வீடு என்று பார்க்காமல் எழுந்து போய் நிமிர்த்திவிடுவேன். ஃபார்ம் டிசைனர் என்கிற வரைகருவி என்னைப் போன்றவர்களுக்காகவே யாரோ செய்தது. ஒரு பெட்டியை மவுஸால் பிடித்து இழுத்துப் போகும்போது, பக்கத்துப் பெட்டிக்கு நேராக வந்த அந்த நொடியில் மெல்லிய நீலக்கோடு ஒன்று தோன்றும். சரி, இங்கேயே விடு என்று சொல்கிற கோடு. அதைப் பார்த்தால் வயிறு குளிர்ந்துவிடுகிறது. இவர் எனக்குக் கல்யாணத்துக்கு எடுத்துக் கொடுத்த பட்டுப்புடவைகூட இவ்வளவு சந்தோஷம் தரவில்லை. இதை இவரிடம் சொல்ல முடியாது.

பெயர், வயது, ஊர், தொலைபேசி எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தினேன். பிறகு கண் பகுதி. வலது கண்ணுக்கான பெட்டிகள் இடப்பக்கமும், இடது கண்ணுக்கானவை வலப்பக்கமும் இருந்தன! எந்தப் புத்திசாலி இப்படி வைத்தான் என்று யோசித்தால், நான்தான். அப்போது கல்யாணமான புதிது, மனம் எங்கேயோ மேய்ந்துகொண்டிருந்திருக்கும். இரண்டையும் இடம் மாற்றினேன். வலது வலதில், இடது இடதில்.

பெட்டியை இடம் மாற்றினாலும் டேப் விசையின் வரிசை பழையபடியேதான் இருக்கும். டேப்பைத் தட்டினால் எந்தப் பெட்டியிலிருந்து எதற்குப் போகவேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டும். சோம்பேறிகள் இதை அப்படியே விட்டுவிடுவார்கள். நான் விடவில்லை. ஒவ்வொரு பெட்டி மேலும் ஒட்டியிருந்த எண்ணை வரிசையாகச் சொடுக்கி, இடமிருந்து வலமாக ஒழுங்காக ஓடும்படி செய்தேன்.

மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான். இவர் தானே ரசம் வைத்துச் சாப்பிட்டுவிட்டார். உப்பு இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

மாவு பொங்கி ஃபிரிட்ஜுக்குள் ஓடிவிட்டது. அரை நாள் அதிலேயே போயிற்று.

ஜூன் 5, வியாழன்

ஆஸ்பத்திரியில் புது ஃபார்மை ஏற்றிவிட்டேன். டாக்டர் பார்த்துவிட்டு "பளிச்சுனு இருக்கு" என்றார். ரூத்தக்கா அடிக்கத் தொடங்கினாள்.

அவள் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்து வெகுநாளாயிற்று. டாக்டர் கையால் எழுதிய தாளை இடப்பக்கச் சட்டத்தில் சாய்த்து வைத்துக்கொள்வாள். கண் தாளை விட்டு நகராது. விரல்கள் அவை பாட்டுக்கு ஓடும். எண், டேப், எண், டேப். திரையை ஏறிட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

"கை தட்டுக்கெடுது வடிவு. வயசு அடிக்க வேண்டிய இடத்துல ஊரு வருது" என்றாள்.

"புதுசுல்லா, அதான். பழகிடும்க்கா."

"நீ ஒரு மணி நேரம் எம்பக்கத்துல இருந்து பாரேன். நாஞ் சொல்லச் சொல்ல மாத்திக் குடு."

மாத்திக் கொடுக்கவா? நான்கு நாள் உட்கார்ந்து ஒரு நூல் பிசகாமல் வரைந்ததையா? "ஸ்கிரீனப் பாத்து அடிங்கக்கா, எல்லாம் சரியா வரும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். முகம் வாடித்தான் போனாள். டாக்டர் கேட்டால் என்ன சொல்வது என்று வண்டியில் வரும்போது யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 6, வெள்ளி

ரூத்தக்காவிடமிருந்து மூன்று முறை போன். நான் வேறு வேலையில் இருந்தேன். கடைக்குப் போய் விளக்குத்திரியும் கொத்தமல்லியும் வாங்கி வந்தேன்.

ஜூன் 7, சனி

கடையநல்லூரில் இலவசக் கண் முகாம். அங்கிருந்து இருபத்து மூன்று பேருக்குக் கண்புரை என்று எழுதி எடுத்திருக்கிறார்கள். திங்கள் மாலை சேர்ப்பு, செவ்வாய் காலை ஆபரேஷன். யாருக்கு எந்தக் கண் என்ற பட்டியல் நம் புது ஃபார்மிலிருந்து தானாகவே அச்சாகிவிடும்.

இவரும் இன்று ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டு வந்தார். கையில் அச்சடித்த சீட்டு. எழுத்தெல்லாம் ஒரே நேர்கோட்டில் என்ன அழகு! ஆறுமுகநயினார் என்ற இவ்வளவு நீளப் பெயர்கூடப் பெட்டிக்குள் அடங்கியிருக்கிறது. பழைய ஃபார்மில் 'ஆறுமுகநயி' யோடு நின்றுவிடும்.

ஜூன் 8, ஞாயிறு

இவருடைய புதுக் கண்ணாடி வந்தது. மாட்டிக்கொண்டு எழுந்தவர் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வடிவு, தரை மேல வருது."

"பழகிடும்."

"ஒரு பக்கமா இழுக்குது."

"நாப்பத்தாறு வயசாச்சுல்லா, இழுக்கத்தான் செய்யும்."

சாப்பிடும்போது சாம்பாரை இலைக்குப் பக்கத்தில் ஊற்றிக்கொண்டார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

ஜூன் 9, திங்கள்

பள்ளிக்கூடம் முடிந்து கேரம் ஆடிவிட்டு வந்தார். கணக்கு வாத்தியார், கோணம் பார்த்து அடிப்பதில் ஊரில் இவரை மிஞ்ச ஆளில்லை. இன்று டிரில் மாஸ்டரிடம் தோற்றிருக்கிறார். வெள்ளைக்காய் இரண்டாகத் தெரிந்ததாம். தலைவலித் தைலம் தடவிக்கொண்டு படுத்துவிட்டார். சாக்குச் சொல்ல ஒரு கண்ணாடி கிடைத்தது என்று நானும் விடவில்லை.

ரூத்தக்கா இரண்டு நிமிஷத்துக்குக் குரல் செய்தி அனுப்பியிருக்கிறாள். இதே புலம்பலாகத்தான் இருக்கும். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம்.

ஜூன் 10, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதினால்தான் எனக்கே தெளியும்.

காலை எட்டே காலுக்குப் பள்ளிக்கூடம் கிளம்பிய இவர் ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். கேட்டில் மோதி நெற்றியில் வீக்கம். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து மூன்று வருஷத்துக்கு முந்தைய பழைய சீட்டைத் தேடி எடுத்தார். புதுச் சீட்டையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இங்க பாரு. எப்பவும் எனக்கு வலது கண்ணுல முக்கால் பவர்தான். இடதுதான் மூணு. புதுசுல வலது மூணு, இடது முக்கால்னு போட்டிருக்கு. மூணு வருசத்துல ரெண்டு கண்ணும் இடம் மாறிக்கிடுமா?"

கையில் காபி டம்ளர் இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

டாக்டர் தாளில் முதலில் எழுதுவது வலது கண். ரூத்தக்கா தாளைப் பார்த்து முதலில் அடிப்பதும் வலது. என் ஃபார்மில் டேப் விசை முதலில் போய் நிற்பது இடது. அவள் திரையைப் பார்ப்பதில்லை. வியாழனிலிருந்து அடித்த அத்தனையும் இடம் மாறியிருக்கிறது. இவருடையது கண்ணாடியோடு போயிற்று. அந்த இருபத்து மூன்று பேருக்கு? இன்று செவ்வாய். தியேட்டர் ஏழரைக்கே தொடங்கிவிடும்.

போன் அடித்தேன். தியேட்டரில் யாரும் எடுக்கமாட்டார்கள், தெரியும். பதிவு மேசையிலும் எடுக்கவில்லை. செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நன்றாக இருந்த கண்ணைக் கிழித்துவிட்டு, புரை விழுந்த கண்ணை அப்படியே விட்டு யாரையாவது அனுப்பிவிட்டார்களோ என்று நினைக்க நினைக்க வண்டியை இன்னும் முறுக்கினேன். காசிவிசுவநாதா என்று வாய்விட்டே கூப்பிட்டேன். நான் கோயிலுக்குப் போய் ஆறு மாதமிருக்கும்.

தியேட்டர் வாசலில் சிஸ்டர் மரிய புஷ்பம் நின்றார். என் முகத்தைப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது போல.

"ஒண்ணும் ஆகல. மூச்சு விடுங்க" என்றார்.

நேற்று மாலை ஒவ்வொருவரையும் சேர்க்கும்போது, டாக்டர் எழுதிய தாளைப் பார்த்து, ஆளிடமும் வாய்விட்டுக் கேட்டு, ஆபரேஷன் செய்யவேண்டிய கண்ணுக்கு மேல் புருவத்தில் அவர் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார். காலையில் முதல் ஆளாகப் படுத்தது ஒரு பீடி சுற்றுகிற அம்மா. பிளாஸ்திரி வலது புருவத்தில், அச்சடித்த பட்டியலில் இடது. சிஸ்டர் உடனே நிறுத்திவிட்டார். அரை மணி நேரம் தாமதமாக, தாள்களை மட்டும் வைத்துத் தொடங்கி, நான் போய்ச் சேர்ந்தபோது ஆறு பேருக்கு முடிந்திருந்தது. ஆறும் சரியான கண்.

சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தவள் அப்படியே அழுதுவிட்டேன். இவ்வளவு நிம்மதியாக என் வாழ்க்கையில் நான் அழுததில்லை. எதிரே புருவத்தில் பிளாஸ்திரியோடு வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "பயப்படாத தாயி, வலிக்காதாம்" என்று எனக்குத் தைரியம் சொன்னார்.

பிறகு பதிவு அறைக்குப் போய், டேப் முதலில் வலது கண்ணுக்குப் போகும்படி ஃபார்மைச் சரிசெய்தேன். டாக்டர் இரண்டு ஆபரேஷனுக்கு நடுவில் வந்து எட்டிப் பார்த்தார். "சரியாயிட்டா?" என்றார். "சரியாக்கிட்டேன் டாக்டர்" என்றேன். "நல்லவேளை" என்றுவிட்டுப் போனார். ரூத்தக்கா இருக்கையில் இல்லை. ஸ்டோரில் இருக்கிறாள் என்றார்கள். நேரமாகிவிட்டது, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

வீட்டைச் சுத்தம் செய்தேன். டம்ளர்களை அளவுவாரியாக அடுக்கினேன். ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடியும் துடைத்தேன். இவர் பழைய கண்ணாடியோடு பள்ளிக்குப் போய் டிரில் மாஸ்டரைத் தோற்கடித்துவிட்டு வந்து, "என்ன, வீடு இப்படி மின்னுது, யாரு வாரா?" என்றார்.

யாரும் வரவில்லை. நான்தான் போகவேண்டியிருக்கிறது.

பழைய டைரிகள் இருந்த பெட்டியைத் துடைத்தபோது 2014ஆம் வருஷத்தது கையில் வந்தது. ஆகஸ்டில் என் கையெழுத்தில் இருக்கிறது: "இன்று ஆஸ்பத்திரியில் ரூத்தக்கா பக்கத்திலேயே இருந்து ஃபார்ம் வரைந்தேன். வலது கண்ணை இடப்பக்கம் வைக்கச் சொன்னாள். டாக்டருக்கு எதிரே உட்காருகிறவரின் வலது கண் டாக்டருடைய இடப்பக்கம்தானே இருக்கும், தாளிலும் அப்படித்தான் எழுதுவார்கள் என்றாள். எவ்வளவு சரி! இனி எந்த ஃபார்மையும் இவளைக் கேட்காமல் வரையக்கூடாது."

இதைப் படித்த பிறகுதான் திங்கட்கிழமை வந்த குரல் செய்தியைப் போட்டுக் கேட்டேன்.

"வடிவு, நாந்தான். செவ்வாய்க்கிழம லிஸ்டு பிரிண்டு எடுத்தேன். கடையநல்லூர்ல இருந்து ஒரு பீடி சுத்துற அம்மா வந்திருந்தா, வலது கண்ணுதான் தெரியலன்னு எங்கிட்டயே சொன்னா. லிஸ்டுல இடதுன்னு இருக்கு. எங்கைதான் தப்பா அடிச்சிட்டோ என்னவோ தெரியல. நீதான் ஸ்கிரீனு சரியா இருக்குன்னியே. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன். எதுக்கும் நான் புஷ்பம் சிஸ்டர்ட்ட, பிரிண்ட நம்பாதிய, தாளப் பாருங்கன்னு சொல்லிட்டுப் போறேன். டாக்டர்ட்ட சொல்லல. சொன்னா, எனக்குத்தான் கண்ணு போச்சும்பாங்க. நீ வா."

அவ்வளவுதான் செய்தி. நான்கு முறை கேட்டேன்.

நேற்று எழுதாமல் விட்டதை இப்போது எழுதிவிடுகிறேன். ரூத்தக்காவை நேற்றுக் காலையே ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள் என்பது எனக்கு அங்கே இருக்கும்போதே தெரியும். "சரியாயிட்டா" என்று டாக்டர் கேட்டது, ரூத்தக்கா தப்பாக அடித்ததைத் திருத்தியாயிற்றா என்ற அர்த்தத்தில். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சரியாக்கிவிட்டேன் என்றேன். ஸ்டோர் கதவு திறந்திருந்தது. அவள் முதுகைப் பார்த்தேன், பஞ்சுக்கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை.

ஜூன் 12, வியாழன்

போய்ச் சொல்லிவிட்டேன்.

டாக்டர் அறையில் வேண்டாம், பதிவு அறைக்கே வாருங்கள் என்று கூட்டிப் போனேன். புஷ்பம் சிஸ்டரும் வந்தார். ரூத்தக்காவை ஸ்டோரிலிருந்து வரவழைத்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு கதவோரமே நின்றாள்.

"டாக்டர், தப்பு ரூத்தக்காவுது இல்ல. அவங்க பதினொரு வருசமா அடிக்கிற மாதிரியேதான் அடிச்சாங்க. நாந்தான் யாரையும் கேக்காம வலதையும் இடதையும் மாத்தி வச்சேன். அழகா இருக்கும்னு வச்சேன். வியாழக்கிழமையே இவங்க சொன்னாங்க, நான் காதுல வாங்கல. வெள்ளிக்கிழமை மூணு தடவ கூப்பிட்டாங்க, எடுக்கல. திங்கக்கிழமை அனுப்பின செய்தியக் கேக்கல. இதக் கேளுங்க."

குரல் செய்தியைப் போட்டேன். 'எனக்குத்தான் கண்ணு போச்சும்பாங்க' என்ற இடம் வந்தபோது டாக்டர் ரூத்தக்காவைத் திரும்பிப் பார்த்தார். புஷ்பம் சிஸ்டர், "நான் எப்பவும் தாளத்தான் பாப்பேன் டாக்டர். ஆனா இவங்க வந்து சொன்னதாலதான் அன்னைக்கு ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ பாத்தேன்" என்றார்.

டாக்டர், "அச்சடிச்சு வந்த சீட்டுல எல்லாம் கையெழுத்துப் போட்டது நானு. நானும் பாக்கலயே" என்றார். ரூத்தக்கா பக்கம் போய், "ரூத், உங்க நாற்காலிக்கு வாங்க. நான் கேக்காமலே முடிவு பண்ணிட்டேன். தப்புதான்" என்றார்.

என்னை இனி இந்தப் பக்கமே வரவேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அவர் சொன்னது வேறு. "தப்பான சீட்டு வாங்கிட்டுப் போனவங்க எல்லாத்துக்கும் நீங்களே போன் போடணும் வடிவு. ரூத் பக்கத்துல இருந்து போடணும்."

அவர் போனதும் ரூத்தக்கா தன் மேசைக்குப் போனாள். நாற்காலியின் உயரத்தை யாரோ மாற்றிவிட்டிருந்தார்கள். அதைக் குனிந்து சரிசெய்துகொண்டாள். பிறகுதான் வெடித்தாள்.

"ரெண்டு நாளா ஸ்டோர்ல இருந்து என் விரல நானே பாத்துட்டு இருந்தேன், தெரியுமாட்டி? இது எங்கைதானான்னு. நெசமாவே எனக்குப் புத்தி கெட்டுப் போச்சுன்னு நெனச்சேன். ஒரு போன எடுக்க ஒனக்கு என்ன கேடு?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அது போதாதுதான். ஆனாலும் அவள் திட்டத் திட்ட எனக்கு மனப்பாரம் குறைந்துகொண்டே வந்தது.

ஜூன் 14, சனி

ரூத்தக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஃபார்மை மறுபடி வரைந்தேன். வலது கண் இடப்பக்கம் போயிற்று. வயதும் ஊரும் பழைய மூலைகளுக்கே போயின. தாளில் எப்படி இருக்கிறதோ அப்படியே. ஒரு பெட்டியும் இன்னொன்றுக்கு நேராக இல்லை. நீலக்கோடு ஒரு தடவைகூட வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

வரைந்து முடிந்ததும் ரூத்தக்கா பையிலிருந்து குற்றாலத் துண்டு ஒன்றை எடுத்துத் திரை மேல் போட்டு மூடினாள். "இப்ப அடிக்கேன் பாரு" என்று பத்துத் தாள்களை அடித்தாள். துண்டை எடுத்துவிட்டுப் பார்த்தோம். ஒரு எண் பிசகவில்லை. அடுத்து என்னை அடிக்கச் சொன்னாள். நான் அடித்ததில் ஒருவருக்கு வயது 627 வந்தது. மூன்று நாளில் முதல் தடவையாக அவள் சிரித்தாள்.

பிறகு போன். நாற்பத்தோரு பேர். இரண்டு கண்ணிலும் ஒரே பவர் இருந்தவர்களுக்குப் பாதிப்பு இல்லை. பன்னிரண்டு பேருக்குக் கண்ணாடி மாற்றவேண்டும். செங்கோட்டையிலிருந்து ஒருவர், "நாலு நாளா வீடே சாயுதும்மா. குடிய விட்டதாலதான் இப்பிடி வருதுன்னு நெனச்சு, திரும்பத் தொடங்கலாமான்னு இருந்தேன்" என்றார். "தொடங்கிராதீங்க அண்ணாச்சி, கண்ணாடிதான், மாத்தித் தாரோம்" என்று நான் பதறினேன். ரூத்தக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

பன்னிரண்டாவது பெயர் ஆறுமுகநயினார். வீட்டு எண்ணுக்கே போன் போட்டேன். "ஐயா, உங்க கண்ணாடியில தப்பு எங்க மேலதான்" என்றேன். "பழகிடும்னு சொன்னாங்களே" என்றார் இவர்.

ஜூன் 21, சனி

ஆலங்குளத்தில் முகாம். பத்தொன்பது பேர். பட்டியலையும் தாள்களையும் நானும் ரூத்தக்காவும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம். எல்லாம் சரி.

ஜூன் 23, திங்கள்

கீழைத்தெரு சித்தி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தோம். நடுக்கூடத்தில் சித்தப்பா படம் ஒரு விரல் அளவு சாய்ந்திருந்தது. எழுந்து அதன் கிட்டே போனேன். யாராவது எதற்காகவாவது அப்படி மாட்டியிருக்கலாம். "சித்தி, இந்தப் படம் இப்படித்தான் இருக்கணுமா?" என்று கேட்டேன். "பின்னால பல்லி முட்ட இருக்குட்டி, நிமித்துனா ஒடஞ்சிரும்" என்றாள். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன். இவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

பாயசம் பரிமாறும்போது போன் அடித்தது. ரூத்தக்கா. நாளைக்கு ஆபரேஷன், அந்தப் பத்தொன்பது பேர். இலையிலிருந்து அப்படியே எழுந்துவிட்டேன். எச்சில் கையோடு இடது கையால் எடுத்தேன்.

"என்னக்கா? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"லிஸ்டுல ஏதும் மாறியிருக்கா?"

"எல்லாம் சரியா இருக்கு."

"அப்ப எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"எடுக்கியான்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.